குடிநீர் மாடலை ஊர் மன்றத்தில் போட்டுக் காட்டினேன், ஒருவருக்கும் புரியவில்லை. எங்கே தப்பு?

1. நீர்க்கணக்கு

வணக்கம். இந்தப் பக்கம் பல வருடமாக வாசிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இப்போது உதவி வேண்டும்.

ஒரு சிற்றூர் மன்றத்துக்குக் குடிநீர் வழங்கலை மாடல் செய்து தரும் வேலை கிடைத்தது. சுமார் 1100 இணைப்பு, 30 கிலோமீட்டர் குழாய், ஒரு மேல்நிலைத் தொட்டி, இரண்டு ஆழ்துளைக் கிணறு. குழாயில் பாதிக்கு மேல் நாற்பது வயதைத் தாண்டியது. முழுவதையும் ஈபாநெட்டில் (குழாய் வலையில் ஓட்டமும் அழுத்தமும் கணக்கிடும் மென்பொருள்) ஏற்றினேன். 430 சந்திகள், மணிக்கு மணி தேவை, எல்லாம் உண்டு. இரண்டு மாத வேலை.

மன்றக் கூட்டத்தில் திரையில் காட்டினேன். அழுத்தம் குறைந்த தெருக்கள் சிவப்பு, நல்ல அழுத்தம் இருப்பவை நீலம். தலைவர் கேட்ட முதல் கேள்வி: "சிவப்பா இருக்கறது தண்ணி வராத இடமா, குழாய் கெட்டுப்போன இடமா?" அடுத்து பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா: "என் தெருவுக்குத் தண்ணி ஏறாதுன்னு எனக்கே தெரியுமே தம்பி. அதைச் சொல்லவா ரெண்டு மாசம்?"

என்னிடம் பதில் இல்லை. அப்புறம் எல்லாரும் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். உறுப்பினர்களுக்கு இப்போதுள்ளதைவிட 10 மீட்டர் உயரமாகப் புதுத் தொட்டியும் பெரிய பம்பும் வேண்டும். கணக்கர் காசு இல்லை என்கிறார். மக்கள் கட்டணத்தை ஏற்றாதே என்கிறார்கள். பம்ப் ஆபரேட்டர் எதுவுமே பேசவில்லை.

இவர்கள் எல்லாரும் ஒரே பிரச்சினையைத்தான் பார்க்கிறார்கள் என்று காட்ட ஒரு மாடல் வேண்டும். எப்படிச் செய்வது?

2. கடைக்கோடிவீடு

அந்தப் பெரியம்மா கேட்டதில் என்ன தப்பு? நானும் குழாயின் கடைசி வீட்டில் இருப்பவள்தான். காலை ஆறரைக்குள் பிடித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதைத் திரையில் சிவப்பாகக் காட்டினால் எனக்கு என்ன புதிதாகத் தெரியப்போகிறது? ஏன் இப்படி ஆகிறது, யார் எதைச் செய்தால் மாறும், எவ்வளவு நாளில் மாறும். இது மூன்றும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

3. சுழல்

கடைக்கோடிவீடு கேட்டிருக்கும் மூன்று கேள்விக்கும் ஈபாநெட் பதில் சொல்லாது. அது அதன் குறையல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்டபோதே அதற்கென்று ஒரு வேலை இருந்தது: இந்தக் குழாயில் இந்த நேரத்தில் எவ்வளவு ஓட்டம், எவ்வளவு அழுத்தம், குளோரின் எவ்வளவு மிஞ்சும். அதை அருமையாகச் செய்யும். பணம் ஏன் தீர்ந்தது, ஆள் ஏன் போனார், பழுது ஏன் தள்ளிப்போனது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நீங்கள் காட்டியது ஒரு நாளின் எக்ஸ்ரே. மன்றத்துக்கு வேண்டியது நோயாளியின் முப்பது வருடக் கதை.

அதற்குத் தனி மரபு ஒன்று இருக்கிறது. 1950-களில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் தொடங்கிவைத்த இருப்பு-ஓட்ட முறை. தொழிற்சாலைச் சரக்குக்காகப் பிறந்தது. அடிப்படை மிக எளிது: எவை சேர்கின்றன, எவை வடிகின்றன, சேர்ந்திருப்பது எதைத் தூண்டுகிறது. உங்கள் ஊருக்கு மூன்று இருப்பு போதும். ஒன்று குழாய்களின் நிலை, இரண்டு கையிருப்பு நிதி, மூன்று மக்களின் நம்பிக்கை. நம்பிக்கை என்றதும் சிரிக்க வேண்டாம். கட்டணம் கட்டும் வீடுகளின் சதவீதமாக அதை அளந்துவிடலாம்.

இப்போது அம்புக்குறி போடுங்கள். பராமரிப்புக்குப் பணம் குறைந்தால் கசிவு கூடும். கசிவு கூடினால் கடைக்கோடியில் அழுத்தம் குறையும். தண்ணீர் வராதவர் கட்டணம் கட்டமாட்டார். வரவு குறைந்தால் பராமரிப்புக்குப் பணம் இன்னும் குறையும். போன அம்பு கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது பாருங்கள். கணக்கர், ஆபரேட்டர், உறுப்பினர், கடைக்கோடி வீடு என்று எல்லாரும் அந்த வட்டத்தில் ஆளுக்கொரு அம்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

4. வால்வுச்சாவி

22 வருஷமா வால்வு திருப்பிக்கிட்டிருக்கேன். ஆபரேட்டர் ஏன் பேசலைன்னு எனக்குத் தெரியும். அவர்கிட்ட யாரும் கேட்கலை.

உங்க மாடலில் குழாயின் சி மதிப்பு என்ன போட்டீங்க? குழாய் உள்ளே எவ்வளவு வழவழப்புன்னு சொல்ற எண், துரு ஏற ஏறக் குறையும். அழுத்தம் ஒத்துவரணும்னு பழைய குழாய்க்கு 70, 60 என்று குறைச்சுக்கிட்டே போயிருப்பீங்க. சரியா?

எங்க ஊரிலும் ஒருத்தர் அப்படித்தான் செஞ்சார். வடக்குத் தெருவில் அழுத்தம் இல்லை, குழாய் உள்ளே துரு பிடிச்சிருக்கு, மாத்தணும்னு அறிக்கை கொடுத்தார். நான் சாவியை எடுத்துக்கிட்டுப் போய்த் தெருமுனை வால்வைப் பார்த்தேன். 100 மி.மீ. கேட் வால்வு. முழுசா திறக்கப் பதினாலு, பதினைஞ்சு சுத்து வரணும். ஆறு சுத்துதான் திறந்திருந்தது. எப்பவோ ஒரு பழுது பார்க்கும்போது யாரோ மூடினாங்க, பாதி திறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. மெதுவா முன்னும் பின்னும் ஆட்டி, மண்ணைக் கழுவிவிட்டு முழுசா திறந்தேன். அன்னைக்குச் சாயங்காலமே மாடிக்குத் தண்ணி ஏறுச்சு.

மாடல் பொய் சொல்லலை. நாம கொடுத்த பொய்யைத் திருப்பிச் சொன்னது.

5. நீர்க்கணக்கு

வால்வுச்சாவி அண்ணே, சி மதிப்பு 65 போட்டிருந்தேன். வாயை மூடிக்கொள்கிறேன்.

6. அலகுப்பிரியன்

சி மதிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று புதியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். குழாயில் அழுத்தம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் ஹேசன்-வில்லியம்ஸ் கணக்கில் அழுத்த இழப்பு சி-யின் 1.852 அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 130 இருந்த குழாய் 80 ஆனால் அதே ஓட்டத்துக்கு இழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. விட்டம் இன்னும் மோசம், அங்கே அடுக்கு 4.87. குழாயின் விட்டம் பாதியானால் இழப்பு 29 மடங்கு. ஆகவே பாதி மூடிய ஒரு வால்வை ஒட்டுமொத்தத் தெருவின் துருவாக மாடல் நினைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்புறம் அந்தப் பெரிய பம்ப். பம்ப் பெரிதானால் தெருவில் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் கசிவும் கூடும். இதை மன்றத்தில் சொன்னீர்களா?

7. வால்வுச்சாவி

நடுவில் தொட்டி இருக்கே ஐயா. பம்ப் தொட்டிக்கு ஏத்துது, தெருவுக்குத் தொட்டிதான் கொடுக்குது. தெரு அழுத்தம் தொட்டித் தண்ணியின் உயரத்தைப் பொறுத்தது. பம்பை எவ்வளவு பெருசா போட்டாலும் தொட்டி சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான்.

8. அலகுப்பிரியன்

ஒத்துக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அவர்கள் கேட்பது 10 மீட்டர் உயரமான தொட்டியும் சேர்த்து. தொட்டி உயர்ந்தால் தெரு அழுத்தம் உயரும், என் கணக்கு அப்போது பொருந்தும். இரும்புக் குழாயில் வட்ட ஓட்டை என்றால் கசிவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் போலக் கூடும், அதாவது அடுக்கு 0.5. பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் விரிசல் என்றால் விரிசலே அழுத்தத்தில் வாய் பிளக்கும், அடுக்கு 1.5 வரைக்கும் அதற்கு மேலும் போகும். இரண்டும் கலந்த ஊருக்கு 1 என்று வைத்துக்கொள்வது வழக்கம். அழுத்தத்தை அது தாங்கும் தண்ணீரின் உயரமாக, மீட்டரில் சொல்வோம். இப்போது சராசரி 20 மீட்டர், தொட்டி உயர்ந்தபின் 30 மீட்டர் என்றால், அழுத்தம் ஒன்றரை மடங்கு, கசிவும் ஒன்றரை மடங்கு.

சின்ன ஓட்டைதானே என்று நினைப்பவர்களுக்கு: 40 மீட்டர் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று ஒரு நாளில் விடும் தண்ணீர் ஏறக்குறைய 10,000 லிட்டர். ஒரு பேனா ரீஃபில் பருமன்.

9. பேரேடு

கணக்கர் தரப்பிலிருந்து ஒரு குரல். காசு இல்லை என்று நாங்கள் சொல்வதைக் கஞ்சத்தனம் என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிற்றூர்க் குடிநீரில் செலவின் பெரும்பகுதி நிலையானது. ஒரு லிட்டர்கூட விற்காவிட்டாலும் ஆபரேட்டருக்குச் சம்பளம், சோதனைச் செலவு, கடன் தவணை எல்லாம் இருக்கும். வரவோ லிட்டருக்கு ஏற்ப வருகிறது. வறட்சி வந்து மக்கள் பொறுப்பாகத் தண்ணீரைச் சேமித்தால் எங்கள் வரவு விழும், செலவு அப்படியே நிற்கும். பெரிய நகரத்துக்கே இது நடந்தது. 2018 வறட்சியில் கேப் டவுன் மக்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற அளவுக்குள் வாழச் சொல்லப்பட்டார்கள். தேவை குறைந்தது, கூடவே வரவும் குறைந்தது, பிறகு நிலைக்கட்டணம் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. சேமித்ததற்குத் தண்டனையா என்று மக்கள் கொதித்தார்கள். நியாயம்தான். ஆனால் கணக்கும் நியாயம்.

இன்னொன்று. பெரிய நகரத்தில் ஒரு கிலோமீட்டர் குழாய்க்கு நூற்றுக்கணக்கான வீடுகள். நீர்க்கணக்கின் ஊரில் 37 வீடு. அதே ஒரு கிலோமீட்டரை 37 பேர் சுமக்க வேண்டும். மாடலில் இந்த ஒரு எண்ணை மட்டும் பெரிதாக எழுதி வையுங்கள், பாதி விவாதம் அடங்கும்.

புதிதாகக் கட்ட உதவித்தொகை எளிதாகக் கிடைக்கும், கட்டியதைப் பேண எவரும் தருவதில்லை. அதனால்தான் உறுப்பினர்கள் தொட்டி கேட்கிறார்கள். அவர்களை முட்டாள் என்று நினைக்க வேண்டாம், பணம் வரும் வழியைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

10. கேள்விக்குறி

எல்லாரும் மாடல் நல்லது என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறீர்கள். நான் வேறு மாதிரி பார்த்திருக்கிறேன்.

நான் இருந்த ஊரில் ஒரு ஆலோசகர் வந்தார். அழகான திரை, நகர்த்தும் பொத்தான்கள். கட்டணத்தை நகர்த்தலாம், பயன்பாட்டை நகர்த்தலாம். பெரிய ஆலைக்குக் கொடுக்கும் சலுகை விலையை நகர்த்தப் பொத்தான் இல்லை. ஒருவர் கேட்டார். அது மாடலின் எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது. அன்றோடு பேச்சு முடிந்தது, கட்டணம் ஏறியது. மக்களைப் புரிய வைக்கிறோம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள வைக்கத்தான் வருகிறார்கள். எந்தப் பொத்தான் இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

11. கடைக்கோடிவீடு

👏 இதைத்தான் சொல்ல நினைத்தேன், எனக்கு வார்த்தை வரவில்லை.

12. சுழல்

கேள்விக்குறி சொன்னதை மறுக்க மாட்டேன். அந்த வியாதிக்கு மருந்தாகத்தான் வேறு ஒரு வழி வந்தது: செய்த மாடலைக் கொண்டுபோய்க் காட்டுவதற்குப் பதில், மாடலையே அவர்களை வைத்துச் செய்வது.

நெதர்லாந்தில் நைமேகன் பல்கலைக்கழகத்தில் இதைக் குழு மாடலாக்கம் என்று ஒரு முறையாகவே வளர்த்தார்கள். அமெரிக்க ராணுவப் பொறியியல் படை 1990-களின் தொடக்கத்தில் வறட்சி ஆய்வின்போது, தண்ணீருக்குச் சண்டை போடும் தரப்புகளை உட்காரவைத்து ஒரே மாடலைச் சேர்ந்து கட்டவைத்தது. எல்லாரும் பார்க்கக்கூடிய, எல்லாரும் குறை சொல்லக்கூடிய ஒரே கணக்கு. எனக்கு மிகப் பிடித்தது செனகல் நதிப் பள்ளத்தாக்கில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செய்தது. பாசன மாடல் ஒன்றைக் கணினியில் எழுதியிருந்தார்கள். விவசாயிகள் கணினித் திரையை எப்படி நம்புவார்கள்? அதனால் மாடலையே ஒரு விளையாட்டாக மாற்றி அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். ஆடும்போதே மாடலில் எது சரி எது தப்பு என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

ஆகவே, நீர்க்கணக்கு, திரையை அணைத்துவிடுங்கள். வெள்ளைப் பலகை, மார்க்கர், ஒட்டுத்தாள். அம்புகளை அவர்களே போடட்டும். ஆலை, சலுகை, தலைவரின் மைத்துனர் வீட்டுக்குத் தனி இணைப்பு, எதை ஒட்டினாலும் ஒட்டட்டும்.

13. குளோரின்துளி

எல்லாரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீர் எவ்வளவு நேரம் குழாயில் கிடக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? தீயணைப்புக்காகப் பெரிய குழாய் போட்டிருப்பார்கள், கடைசியில் நாலு வீடு. தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும், குளோரின் செத்துவிடும். வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கிழக்கு ஜெர்மனியில் 1990-க்குப் பிறகு மக்களும் தேவையும் குறைந்து பல ஊர்களின் குழாய்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகிப்போயின, கழுவி விடுவதற்கென்றே நல்ல தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ஊர் சுருங்கினால் செலவு குறையும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

வாக்கர்ட்டன் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். கனடாவின் ஒண்டாரியோவில் 5,000 பேர்கூட இல்லாத ஊர். 2000 மே மாதம் பெருமழை, ஆழமில்லாத கிணறு ஒன்றில் மாட்டுச்சாணம் கலந்த நீர் இறங்கியது. ஈ.கோலை கிருமியால் 7 பேர் இறந்தார்கள், சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். குளோரின் அளவுகளை அளக்காமலே பதிவேட்டில் எழுதிவந்தது விசாரணையில் தெரியவந்தது. இரண்டு மூன்று பேர் கையில் நடக்கும் அமைப்பு அது. சுழல், உங்கள் அம்பு வட்டத்தில் ஆபரேட்டரின் பயிற்சி, அவரைக் கண்காணிக்க ஆள் இருக்கிறாரா என்பது ஒரு இருப்பாக இருக்கிறதா? நிதி, குழாய், நம்பிக்கை மட்டும் போதாது.

14. சுழல்

இல்லை. சேர்க்க வேண்டும். நான்கு இருப்பு.

15. வால்வுச்சாவி

நீர்க்கணக்கு தம்பி, பலகையில் அம்பு போடறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி தூக்கத்தை விடுங்க. ஊர் அடங்கினப்புறம், ஒரு மணிக்குத் தொட்டிக்கு வர்ற தண்ணியை மூடுங்க. போற வழி திறந்தே இருக்கட்டும். தொட்டிக்குள்ளே மட்டத்தை அளந்து எழுதுங்க. நாலு மணிக்கு மறுபடி அளங்க. ஊரே தூங்கும்போது இறங்கின தண்ணி எங்கே போச்சுன்னு கேளுங்க. இதுக்கு எந்த மென்பொருளும் வேணாம், டேப் போதும். ஆபரேட்டரையும் கூட்டிட்டுப் போங்க. அப்பத்தான் பேசுவார்.

16. நீர்க்கணக்கு

நேற்று இரவு செய்தோம். ஆபரேட்டர், நான், கணக்கர் (தானே வருகிறேன் என்றார், எனக்கே ஆச்சரியம்).

தொட்டியின் உள்விட்டம் 8 மீட்டர், அதாவது பரப்பு 50 சதுர மீட்டர் சொச்சம். ஒரு மணியிலிருந்து நாலு மணிக்குள் மட்டம் 66 செ.மீ. இறங்கியது. 33 கன மீட்டர், மணிக்கு 11. நள்ளிரவிலும் கொஞ்சம் பேர் பயன்படுத்துவார்கள், கழிப்பறைத் தொட்டி நிரம்பும், அதற்கு 2 கழித்தேன். மிச்சம் மணிக்கு 9. பகலில் அழுத்தம் குறைவதால் 24 ஆல் பெருக்காமல் 21, 22 ஆல் பெருக்கினால் நாளுக்கு ஏறக்குறைய 200 கன மீட்டர் மண்ணுக்குள் போகிறது. ஊர் உண்மையில் பயன்படுத்துவது 600. இறைப்பது 800. நான்கில் ஒரு பங்கு.

கணக்கர் தொட்டி ஏணியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கீழே இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "இதை மேலே ஏத்த எவ்வளவு கரண்ட்?" கிணற்றிலிருந்து தொட்டி வரை 60 மீட்டர், பம்பின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் நாளுக்கு 54 யூனிட், வருடத்துக்கு 20,000 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவர் அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆபரேட்டர் மூன்று மணி நேரத்தில் என்னிடம் பேசியது என் இரண்டு மாத வேலையைவிட அதிகம். எனக்கு வரைபடத்தில் இல்லாத இரண்டு கிளைக்குழாய்கள் அவருக்குத் தெரியும்.

17. அலகுப்பிரியன்

அருமை. ஒரு ஒப்பீடு தருகிறேன். கசிவைச் சுழியம் ஆக்க முடியாது. எவ்வளவு நன்றாகப் பேணினாலும் தவிர்க்க முடியாத கசிவு என்று ஒன்று உண்டு. அதற்கு சர்வதேச நீர்ச் சங்கத்தின் கணக்கு ஒன்று 1999-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது: குழாய் நீளம் கிலோமீட்டருக்கு 18, இணைப்புக்கு 0.8, இரண்டையும் கூட்டி அழுத்தத்தால் பெருக்க வேண்டும். வீட்டுப் பக்கக் குழாயை விட்டுவிடுகிறேன். உங்கள் ஊருக்கு 540 + 880, பெருக்கல் 20. நாளுக்கு 28,400 லிட்டர், அதாவது 28 கன மீட்டர். உங்களுடையது 200, ஏழு மடங்கு. சின்ன ஊர்களுக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பக் கூடாது, 3,000 இணைப்புக்குக் கீழே அது தடுமாறும் என்பார்கள். இருந்தாலும் ஏழு மடங்கு என்பது தடுமாற்றம் அல்ல.

18. கேள்விக்குறி

இந்த 66 செ.மீ. எனக்குப் பிடித்திருக்கிறது. இதை யாரும் ஒரு பொத்தானுக்குப் பின்னால் ஒளிக்க முடியாது.

19. நீர்க்கணக்கு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கூட்டம் முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈபாநெட்டை எடுத்துப் போகவில்லை. வெள்ளைப் பலகை, ஒட்டுத்தாள், பழைய மடிக்கணினியில் ஒரு எக்செல் தாள். முதல் ஒரு மணி நேரம் அம்பு. ஆபரேட்டரை முதலில் பேசச் சொன்னோம். பெரியம்மா ஒட்டிய தாள் எனக்கு மறக்காது: "தண்ணி வராத வீட்டில் மோட்டாரை வைத்துக் குழாயிலிருந்து உறிஞ்சுகிறார்கள், அதனால் பக்கத்து வீட்டுக்கும் வருவதில்லை, அவர்களும் மோட்டார் வாங்குகிறார்கள்." என் மாடலில் இது எங்குமே இல்லை. அவர் வரைந்த வட்டம்தான் அன்றைய பலகையில் எல்லாரும் விரல் வைத்துக் காட்டிய வட்டம். குளோரின்துளி கவனிக்க: உறிஞ்சும்போது அழுத்தம் வெளிமண்ணைவிடக் குறைந்தால் அழுக்கு நீர் ஓட்டை வழியாக உள்ளே வரும் என்று ஆபரேட்டரே சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு எக்செல். வேண்டுமென்றே சின்னதாக வைத்திருந்தேன். இன்றைய கசிவு 200, பயன்பாடு 600, கிணறும் பம்பும் சேர்ந்து தரக்கூடிய உச்சம் 1,000. எதுவும் செய்யாவிட்டால் கசிவு வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளரும்? எனக்குத் தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். உறுப்பினர்கள் 3 என்றார்கள், ஆபரேட்டர் 8 என்றார், கணக்கர் நடுவில் 5. மூன்றையும் போட்டோம். கசிவு 400-ஐத் தொட்டு ஊர் தண்ணீருக்குத் தட்டுப்படும் ஆண்டு: 3 என்றால் 23 வருடம் கழித்து, 5 என்றால் 14, 8 என்றால் 9.

தலைவர் மூன்று எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுவுமே அடுத்த தேர்தலுக்குள்ள வரலையே" என்றார். அறை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு மாதமாக நான் சொல்ல முயன்று முடியாமல் போனதை அவரே சொல்லிவிட்டார். பராமரிப்பைத் தள்ளிப்போட்டவருக்கு அவர் காலத்தில் லாபம் மட்டுமே தெரியும், நட்டம் இன்னொருவர் காலத்தில் வரும்.

அப்புறம் புதுத் தொட்டியும் பெரிய பம்பும். அவர்களே போட்டுப் பார்த்தார்கள். உச்சம் 1,300 ஆகிறது, ஆனால் அழுத்தம் 20-இலிருந்து 30 ஆவதால் கசிவு முதல் நாளே 300. 5 சதவீத வளர்ச்சியில் கசிவு 700-ஐத் தொட 17 வருடம். தொட்டி இல்லாமல் 14. இத்தனை பெரிய கட்டுமானம் வாங்கித் தருவது மூன்று வருடம்! ஒரு உறுப்பினர் என் சூத்திரத்தைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினேன். அடுக்கு 1-க்குப் பதில் 0.5 போடுங்கள் என்றார், படித்தவர் போல. போட்டோம். 21 வருடம் வந்தது. "அப்ப ஏழு வருஷம் கிடைக்குதே" என்றார். ஆமாம் என்றேன். எங்கள் குழாயில் எது இரும்பு எது பிளாஸ்டிக் என்று அப்போதுதான் சண்டை ஆரம்பித்தது. நல்ல சண்டை.

குழாய் மாற்றுவது பற்றியும் பேசினோம். போன சில வருடங்களில் சராசரியாக 100 மீட்டர் மாற்றியிருக்கிறார்கள். 30 கிலோமீட்டரை அந்த வேகத்தில் மாற்ற 300 வருடம். குழாயின் ஆயுள் 60 என்று வைத்தால் வருடத்துக்கு 500 மீட்டர் வேண்டும். கணக்கர் உடனே, "ஐந்து மடங்கு பணம் எங்கே?" என்றார். பதில் யாரிடமும் இல்லை. அது அப்படியே பலகையில் கேள்வியாக நிற்கிறது.

முடிவு? ஆறு மாதம் இரவு நேரக் கசிவு தேடல், எல்லா வால்வையும் திருப்பிச் சுற்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது, இரண்டுக்கும் ஒப்புதல் கிடைத்தது. தொட்டிக்கான விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. பேரேடு சொன்னதுதான் காரணம், உதவித்தொகை அதற்குத்தான் வருகிறது. கட்டணம் பற்றிய பேச்சு அடுத்த கூட்டத்துக்குப் போனது.

20. கேள்விக்குறி

பொத்தான்கள் எதுவென்று அவர்களே முடிவு செய்தார்களா?

21. நீர்க்கணக்கு

பாதிக்குப் பாதி. கசிவு, கட்டணம், மாற்றும் நீளம் மூன்றும் நான் கொண்டுபோனவை. மோட்டார் உறிஞ்சலும் சந்தைக்கட்டடத்துக்குக் கணக்கில்லாமல் போகும் இணைப்பும் அவர்கள் சேர்த்தவை. இரண்டாவதைச் சேர்க்கும்போது ஒருவர் எழுந்து வெளியே போனார்.

22. பேரேடு

😄 யாரென்று எங்கள் ஊரிலேயே சொல்லிவிடலாம். எல்லா ஊரிலும் அந்த ஒருவர் இருக்கிறார்.

அந்த எக்செல் தாளைப் பெயரெல்லாம் நீக்கிவிட்டு இங்கே பகிர முடியுமா?

23. நீர்க்கணக்கு

மன்றத்தைக் கேட்டுவிட்டுப் பகிர்கிறேன். நாற்பது வரிதான் இருக்கும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

24. வால்வுச்சாவி

எல்லாம் சரி தம்பி. ஒண்ணு கேட்கணும். அந்த ராத்திரி தொட்டிக்கு வர்ற வால்வை மூடினீங்களே, முழுசா மூடிச்சா? பழைய வால்வு, அடியில் மண் இருந்தா கடைசி ஒரு சுத்து உட்காராது. மேலே கொஞ்சம் தண்ணி வந்துக்கிட்டே இருந்திருந்தா, 66 உண்மையில் இன்னும் அதிகம். தொட்டிக்குள்ளே தண்ணி விழற சத்தம் கேட்டுச்சா?

25. நீர்க்கணக்கு

கேட்டது அண்ணே. லேசாக. எதிரொலி என்று நினைத்தேன். பம்பையே நிறுத்திவிட்டு வியாழன் இரவு திரும்ப அளக்கிறோம், எண்ணை இங்கே போடுகிறேன்.